யார் கொடுத்த பல்?

கரும்பு லாரி: பதினோராம் அத்தியாயம்

போன வாரம் அக்கனீசியைத் துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் நிற்க வைத்துவிட்டுப் பிரிந்தோம், கண்ணுகளா. ஒரு வாரமாக அவள் அங்கேயே நிற்கிறாள், கையில் அந்தப் பல்லோடு. கால் கடுத்துப் போயிருக்கும். வாருங்கள், முதலில் அவளை உட்கார வைப்போம்.

நடந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை தலைநகர் சுவாவில் சமோவா நாட்டு அணியோடு ரக்பி ஆட்டம். எப்பரமா ஆடினான். எங்கள் ஊர் சிங்கத்தோக்கா முழுக்க 'கரும்பு லாரி' என்று கூப்பிடுகிற எப்பரமா. முதுகில் பன்னிரண்டாம் எண்ணோடு நடுக்களத்தில் அவன் பந்தை அணைத்துக்கொண்டு ஓடி வந்தால், எதிரே நிற்பவன் மனதுக்குள் அம்மாவைக் கூப்பிடுவான். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே இடுப்பில் மூன்று பேர் தொங்க, அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டியவன். அப்புறம் பிரான்சில் எத்தனையோ குளிர்காலம். நாட்டுக்காக இரண்டு உலகக் கோப்பை. முப்பத்துமூன்று வயதிலும் அந்தத் தோள்கள் அப்படியேதான் இருக்கின்றன.

தலைதான் அப்படியே இல்லை. "இன்னொரு தடவை பலமாக அடிபட்டால், அப்புறம் என்னிடம் வந்து பிரயோஜனமில்லை" என்று பிரெஞ்சு டாக்டர் ஒருவர் போன வருஷம் சொல்லிவிட்டார். எப்பரமா மனைவி அக்கனீசிக்கு வாக்குக் கொடுத்தான். சமோவா ஆட்டம்தான் கடைசி என்றான்.

ஞாயிறு இரவு வீடு வந்தான். திங்கள் காலை அவன் பையிலிருந்த சேற்றுத் துணிகளைத் துவைக்க எடுத்தாள் அக்கனீசி. பன்னிரண்டாம் எண் சட்டை கனத்தது. பிரித்தால் உள்ளே தம்புவா. மஞ்சள் பூத்த திமிங்கிலப் பல், இரண்டு முனையிலும் தென்னை நார்ப் பின்னல் கட்டியது.

அக்கனீசி அதை மேஜைமேல் வைத்து ஒரு துண்டால் மூடிவிட்டு உட்கார்ந்தாள். தம்புவாவைச் சும்மா யாரும் கொடுப்பதில்லை. பெண் கேட்கக் கொடுப்பார்கள். மன்னிப்புக் கேட்கக் கொடுப்பார்கள். பெரிதாக ஒன்று வேண்டுமென்றால் அதை வாயால் சொல்லி, பல்லைக் கையில் நீட்டுவார்கள். கை நீட்டி வாங்கிவிட்டால் கேட்டதற்குச் சரி என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சே கிடையாது.

எப்பரமா வாசலில் நுழைந்தான். அக்குளில் நீளமான ரொட்டி ஒன்று.

"சூடா இருக்கு. வெண்ணெய் எடு" என்றான்.

அக்கனீசி மேஜையைப் பார்த்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு நீள ரொட்டி இருந்தது. சற்று முன்னால் இவனே வாங்கி வந்து வைத்தது.

எப்பரமா இரண்டு ரொட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்தான். "பசி ஜாஸ்தி இன்னைக்கு."

"சரி" என்றாள் அவள். துண்டை விலக்கிப் பல்லைக் காட்டினாள். "இது யார் கொடுத்தது?"

அவன் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. திருட்டு முழி முழித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"பெரியவங்க" என்றான்.

"எந்தப் பெரியவங்க?"

"பெரியவங்கன்னா பெரியவங்கதான். சுவாவில."

"என்ன கேட்டாங்க?"

அவன் ரொட்டியைப் பிய்த்தான். பிய்த்ததை வாயில் வைக்கவில்லை.

"இங்க பாருங்க. எங்கிட்ட மறைக்கணும்னா மறைச்சுக்கோங்க. ஆனா மறைக்கிறதுக்கு உங்ககிட்ட ஏதாவது இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க."

கோழி ஒன்று படியேறி வந்து அவன் காலடியில் விழுந்த துணுக்கைக் கொத்திக்கொண்டு போனது.

"கை ஞாபகம் இருக்கு, அக்கனீசி" என்றான் கடைசியில். "பல்லோட கனம் கையில இருக்கு. தரையில பாய். கோட்டு போட்டுக்கிட்டு யாரோ சிலர். வாய் அசையுது. சத்தம்தான் வரல்ல."

*

சவெனாக்கா வந்தபோது இருவரும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள். எப்பரமாவின் அண்ணன். தம்பியைப் போலவே உடம்பு, ஆனால் இடது கால் மடங்காது. ஒரு காலத்தில் பன்னிரண்டாம் எண் சட்டை இவன் முதுகில்தான் ஏறும் என்று ஊர் பேசியது. முழங்கால் முறிந்ததும் அந்தச் சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்டு, அன்றிலிருந்து தம்பியின் ஒவ்வொரு ஆட்டத்தையும் மனசுக்குள் தானே ஆடுகிறவன்.

"அணி மேனேஜர் போன் மேல போன் பண்றார்டா! ஐரோப்பா சுத்துப்பயணத்துக்கு நீ வரியா இல்லியான்னு மத்தியானத்துக்குள்ள சொல்லணுமாம். சாயங்காலம் ரேடியோவில அணியைப் படிக்கிறாங்க. நீதான் கேப்டன்..." என்று வந்தவன் மேஜையைப் பார்த்து நின்றான். குரல் இறங்கியது. "ஓ. வந்துடுச்சா?"

"என்ன வந்துடுச்சு, அத்தான்?" என்றாள் அக்கனீசி.

"இதைத்தான் அந்த வாட்ச்மேன் சொன்னானா! சனிக்கிழமை ராத்திரி அணி தங்கின ஹோட்டல் கேட்டுல கோட்டும் சுலு வேட்டியும் போட்ட பெரியவங்க ஒரு கூட்டமா வந்தாங்களாம். கையில துணி சுத்தின சாமான். எப்பரமா ரூம் எதுன்னு கேட்டாங்களாம். அணிப் பெரியவங்கதான். கேப்டனா இருன்னு கேட்டு வந்திருக்காங்க. வேற எதுக்குடா உனக்குத் தம்புவா கொடுப்பாங்க, இடியாப்பத்துக்கா?"

சவெனாக்கா சிங்கத்தோக்கா சந்தையில் எங்கள் பொன்னம்மா கடையில் தினமும் இடியாப்பம் தின்று வளர்ந்தவன். அவன் உவமையெல்லாம் அங்கிருந்துதான் வரும்.

"அவருக்கு ஞாபகம் இல்ல, அத்தான்" என்றாள் அக்கனீசி.

"என்ன?"

"யார் கொடுத்தாங்க, என்ன கேட்டாங்க, ஒண்ணும் ஞாபகம் இல்ல."

சவெனாக்கா தம்பியைப் பார்த்தான். ஒரு கணம் அவன் முகத்தில் வேறு ஏதோ வந்தது. அதை உடனே துடைத்துவிட்டான். "ஆட்டம் முடிஞ்ச அலுப்பு. யங்கோனாச் சாறு வேற குடிச்சிருப்பான். எனக்குக்கூட நேத்து சாப்பிட்டது ஞாபகம் இல்ல."

"கேட்டுடலாமே. அந்தப் பெரியவங்ககிட்டயே போய்க் கேட்டுடலாம்."

இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள். சொன்ன பிறகு அவளுக்கே கூசியது. தம்புவா கொடுத்தவரிடம் போய், 'என்னத்துக்குக் கொடுத்தீங்க?' என்று கேட்பதா? அவர் முகத்தில் துப்புவதற்கு அது சமம். உன் பேச்சைக் காதிலேயே வாங்காமல் பல்லை மட்டும் வாங்கினேன் என்று சொல்வதாகும். அதற்கு மன்னிப்புக் கேட்க இன்னொரு தம்புவா வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுக்குப் போவது? கொடுத்தது யார் என்றே தெரியாதே!

"கேப்டன் பதவிதான்" என்றான் சவெனாக்கா. "நான் சொல்றேன்ல?"

வெளியே தொம்மென்று ஒரு மூட்டை விழுந்தது.

"லாரி வீட்டுல இருக்கா, இல்ல பட்டறையில கிடக்கா?"

கிட்டியோனி. அவர்களுடைய தாய்மாமன் மகன். எங்கள் ஜனங்களைப் போலத்தான் இங்கேயும். மாமன் மகன் என்றால் மச்சான், மச்சான் என்றால் வாய்க்குப் பூட்டு கிடையாது. என்ன திட்டினாலும் கோபம் வரக்கூடாது. ஆற்றுக்கு மேலே நதுருவேசி கிராமத்திலிருந்து சேப்பங்கிழங்கு மூட்டையோடு வந்திருந்தான்.

"வாடா, கிழங்குத் திருடா" என்றான் எப்பரமா. மச்சானைப் பார்த்ததும் அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. இந்த முகமாவது தெரிகிறதே!

"திருடனா? உனக்குப் போட்ட சோத்துக்கு நாங்க கணக்குப் பார்த்தா நீ இன்னும் நாலு உலகக் கோப்பை ஆடணும். அண்ணி, இவனை எப்படி வீட்டுக்குள்ள வெச்சிருக்கீங்க? நாத்தம் ஆத்தைத் தாண்டி வருது."

"பழகிடுச்சு" என்றாள் அக்கனீசி. சிரிக்க முயன்றாள்.

"அப்பா சொல்லியனுப்பினார். சாயங்காலம் எல்லாரும் இங்க வர்றோம். பன்னி கட்டியாச்சு. அதைச் சுட நீ லோவோ குழி மட்டும் வெட்டி வை. அதுக்காவது அந்தத் தோள் உதவட்டும்." கிட்டியோனி மேஜைமேல் கிடந்த பல்லைப் பார்த்தான். சட்டென்று குரல் மாறியது. "பத்திரமா வெச்சிருக்கியே. நல்லது. சொன்ன சொல்லு மாத்த மாட்டியே, மச்சான்?"

எப்பரமா ஒரு நொடி அண்ணனைப் பார்த்தான். "மாத்த மாட்டேன்."

"அழுமூஞ்சி" என்றான் கிட்டியோனி மெதுவாக. எப்பரமாவின் முதுகில் குத்தினான், வயிற்றில் குத்தினான். விளையாட்டாகக் கை மேலே போனது. தலைக்குப் பக்கத்தில் போனதும் பாதியில் நின்றது. மச்சான் எங்கே வேண்டுமானாலும் கை வைக்கலாம், தலையைத் தவிர. அது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கிட்டியோனி கையை இழுத்துக்கொண்ட விதம் வேறு மாதிரி இருந்தது. கொதிக்கிற பாத்திரத்திலிருந்து இழுப்பதுபோல. அக்கனீசி அதைக் கவனித்தாள். ஏன் என்றுதான் புரியவில்லை.

"அந்தப் பூட்ஸு எனக்குத்தான், சொல்லிட்டேன்" என்று கத்திக்கொண்டே போய்விட்டான்.

"பார்த்தியா!" என்று சவெனாக்கா தொடையைத் தட்டினான். "மாமா ஊருக்கே சேதி போயிடுச்சு. விருந்து வைக்கிறாங்க. கேப்டனுக்குப் பன்னி அடிக்காம வேற யாருக்கு அடிப்பாங்க?"

பொருந்தத்தான் செய்தது. எல்லாமே பொருந்தியது. அதனால்தான் அக்கனீசிக்குக் குழப்பம் அதிகமானது. அழுமூஞ்சி என்றானே, ஏன்?

எப்பரமா அவள் பக்கம் திரும்பினான். "உனக்கு வாக்குக் கொடுத்தேன். சமோவாதான் கடைசின்னேன். அது நல்லா ஞாபகம் இருக்கு."

அக்கனீசி பல்லைத் துண்டில் மூடினாள். வாக்கு பெரிதா, தம்புவா பெரிதா என்று அவளிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். அவளைப் பெண் கேட்டு எப்பரமா வீட்டார் கொண்டு வந்த தம்புவாவை அவள் அப்பா கை நீட்டி வாங்கியதால்தான் இன்று இந்த வீட்டில் இருக்கிறாள்.

"அதுக்குத்தான் வாங்கியிருக்கீங்கன்னா, நான் வாயைத் திறக்க முடியாது" என்றாள். "வேலைக்கு நேரமாச்சு."

பஸ் நிறுத்தத்துக்கு அவள் போகும்போது, பின்னால் சவெனாக்காவின் குரல் போனில் கணீரென்று கேட்டது. "வர்றான் சார்! வர்றான்!"

*

கடற்கரை ஹோட்டலில் சலவைப் பிரிவு அக்கனீசியின் பொறுப்பு. இஸ்திரி மேஜையில் நாத்தனார் லோசலினி. எப்பரமாவின் தங்கை.

இந்த ஊரில் வயது வந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாது. மரியாதை அப்படி. அண்ணன் ஒரு கதவால் வந்தால் தங்கை இன்னொரு கதவால் போவாள். லோசலினிக்கு அண்ணன்மேல் உயிர். ஆனால் அவனிடம் 'சாப்பிட்டாயா' என்று கேட்டுப் பதினைந்து வருஷம் இருக்கும். அவன் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பாள். இமைக்காமல் பார்ப்பாள். அவளுக்கு அதுதான் அண்ணனோடு பேசுவது.

இருவரும் ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து மடித்தார்கள்.

"அண்ணி, அண்ணன் எப்படி இருக்கார்?" என்றாள் லோசலினி. "மனசு லேசாயிருக்கும், இல்ல? மாமா கேட்டதும் ஒத்துக்கிட்டாராமே. எனக்கு ரெண்டு நாளா தூக்கம் வந்துச்சு."

அக்கனீசியின் கை நின்றது. "எந்த மாமா?"

"நம்ம மாமாதான். கிட்டியோனியோட அப்பா, அப்பிசாய் மாமா. சனிக்கிழமை தம்புவா கொண்டு போனாரே." லோசலினி விரிப்பை இறக்கினாள். "அண்ணன் உங்ககிட்ட சொல்லலியா? சொல்லியிருப்பார்னு நினைச்சேனே!"

"நீ சொல்லு. முதல்லேருந்து சொல்லு."

"ஆட்டத்துல கடைசியா கோல் கம்பத்துக்கு அடியில விழுந்து கோடு தாண்டினாரே, அப்ப ஒருத்தனோட முழங்கால் தலையில பட்டுச்சு. அதை யாரும் பார்க்கல. எழுந்து நேரா சமோவாக்காரங்க கூட்டத்துல போய் நின்னார். அவங்க வட்டமா நின்னு பேசிட்டிருந்தாங்க. இவரும் தோள்மேல கை போட்டு நின்னுட்டார்."

"அந்த வீடியோவா? ஊரே அதைப் பார்த்துத்தானே சிரிக்குது. வேணும்னே கோமாளித்தனம் பண்ணினார்னு."

"சமோவா கேப்டன் சிரிக்கல, அண்ணி. நல்லா பாருங்க. அவன்தான் அண்ணன் தோளைப் பிடிச்சுத் திருப்பி, 'உன் ஆளுங்க அங்க இருக்காங்க'ன்னு கை காட்டினான். குழந்தைக்குக் காட்டற மாதிரி. அதுக்குள்ள கடைசி விசில் அடிச்சு, ஜனங்க களத்துல இறங்கிட்டாங்க. யார் எங்க போய்ப் பார்க்கிறது?"

லோசலினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் போய் அண்ணன்கிட்ட சொல்ல முடியுமா? பெரியண்ணன்கிட்டயும் முடியாது. மாமா ஆட்டம் பார்க்க சுவாவுக்குத்தான் போயிருந்தார். போன் பண்ணினேன். 'மாமா, உங்க தங்கச்சி பெத்த தலை உடையுது, நிறுத்துங்க'ன்னேன். அவர் அங்கேயே ஒரு சொந்தக்காரர் வீட்டுல தம்புவா வாங்கிக்கிட்டு ஹோட்டலுக்குப் போனார். ஆட்டத்தை விட்டுடுன்னு கேட்டார். அண்ணன் அழுதுட்டாராம். வாங்கிக்கிட்டாராம். இன்னைக்குச் சாயங்காலம் அந்தச் சட்டையை மாமா கையில ஒப்படைக்கணும். அதுக்குத்தான் பன்னி."

துவைக்கும் இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அக்கனீசிக்குத் தன் தலையும் கூடவே சுற்றுவதுபோல் இருந்தது. மத்தியானச் சங்கு ஊதி வெகுநேரமாகிவிட்டது. வர்றான் சார், வர்றான்.

வீட்டுக்குப் போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. லோவோ குழி வெட்டிக்கொண்டிருப்பான். போன் மேஜைமேல் இருக்கும், பல்லுக்குப் பக்கத்தில்.

*

அவள் பஸ் பிடித்து வந்து இறங்கியபோது மாமா வீட்டு லாரி ஏற்கெனவே வாசலில் நின்றது. லோவோ குழியிலிருந்து புகை எழுந்தது. ஆண்கள் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் யங்கோனாக் கிண்ணம். மேலிடத்தில் அப்பிசாய் மாமா. ஒல்லி மனிதர், பெரிய காது. அவருக்கு எதிரே எப்பரமா. முழங்கையில் மண் காயவில்லை.

சவெனாக்கா ஓரத்தில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சத்தத்தைக் குறைத்திருந்தான். அணைக்கவில்லை.

அக்கனீசி கணவனின் கண்ணைப் பிடிக்கப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சடங்கு தொடங்கிவிட்டால் குறுக்கே பேசக் கூடாது. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

மாமா சிரட்டையில் குடித்து முடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

"மருமவனே" என்றார். "சனிக்கிழமை நீ என் பேச்சைத் தட்டல. உங்கம்மா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா. அந்தத் தலை எங்க வீட்டுப் பொண்ணு பெத்த தலை. அதுல ஒரு கீறல் விழுந்தா எங்ககிட்டதான் பதில் சொல்லணும். நீ இத்தனை வருஷம் மோதினே. நாங்க கை தட்டினோம். போதும்னு கேட்டேன். நீயும் போதும்னே. இப்ப அந்தச் சட்டையைக் கொண்டா."

சவெனாக்காவின் வாய் திறந்தபடியே நின்றது.

எப்பரமா மாமாவைப் பார்த்தான். பிறகு அண்ணனை. பிறகு வாசலில் மனைவியை. அவள் தலையை மெல்ல ஆட்டினாள். ஆமாம், அதுதான். அதுக்குத்தான் கொடுத்தார்.

தப்பிக்க வழி இருந்தது, கண்ணுகளா. எழுந்து உள்ளே போய்ச் சட்டையை எடுத்து வந்து கொடுத்திருக்கலாம். மேனேஜரிடம் அப்புறம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். நமக்குத் தெரிந்த எப்பரமா அப்படித்தான் செய்வான். பிரான்சில் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் டாக்டர் முன்னால் சிரித்து, ஜோக்கடித்து, எழுந்து போனவன் அவன்.

"எனக்கு ஞாபகம் இல்ல, மாமா" என்றான்.

"எது?"

"நீங்க வந்தது. பேசினது. நான் அழுதது. ஒண்ணுமே ஞாபகம் இல்ல. யார் கொடுத்த பல்லுன்னே தெரியாம காலையிலேருந்து திண்டாடினேன். கேட்கவும் வெட்கமா இருந்துச்சு. அணிக்காரங்க கொடுத்ததுன்னு நினைச்சு, சுத்துப்பயணத்துக்கு வர்றேன்னு காலையிலேயே சொல்லியனுப்பிட்டேன்." அவன் இரண்டு உள்ளங்கையையும் பாயில் ஊன்றிக்கொண்டான். "இன்னைக்குக் காலையில ரெண்டு தடவை ரொட்டி வாங்கினேன், மாமா. பசின்னு பொய் சொன்னேன்."

கிட்டியோனி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனிடம் அப்போது ஒரு கேலியும் இல்லை.

"நான்தான் மாமா" என்றான் சவெனாக்கா. "நான்தான் போன் பண்ணினேன். கோட்டு போட்டவங்கன்னு வாட்ச்மேன் சொன்னான். நீங்கன்னு நான்..."

அவன் மடியிலிருந்த ரேடியோவில் இசை நின்றது. அறிவிப்பாளர் ஒவ்வொரு பெயராகப் படித்தார். யாருக்கும் எழுந்து அணைக்கத் தோன்றவில்லை. பதினைந்து, பதினான்கு, பதின்மூன்று.

"பன்னிரண்டு. அணித் தலைவர். எப்பரமா வத்துலேவு."

பக்கத்து வீட்டில் முதலில் ஒரு கூச்சல். அப்புறம் தெரு முழுக்க. யாரோ தகர டப்பாவைத் தட்டத் தொடங்கினார்கள். எதிர்வீட்டுக்காரன் கார் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. "கேப்டன்! லாரி கேப்டன்!" என்று கத்திக்கொண்டு ஒரு கூட்டம் வேலிப்பக்கம் வந்து, உள்ளே ஆண்கள் பாயில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சடங்கு நடக்கிறது என்று நினைத்து மரியாதையாக வெளியே நின்றுகொண்டது. அங்கே நின்றே பாட ஆரம்பித்தது.

சவெனாக்காவின் போன் விளக்கெரிந்து தரையில் நடுங்கியது. எடுக்கவில்லை.

மாமா அக்கனீசியைப் பார்த்தார். "அம்மா, அதை எடுத்துக்கிட்டு வா."

அவள் மேஜையிலிருந்து பல்லைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் நார்ப் பின்னலை நீவிச் சரிசெய்தார். அவசரமே இல்லை அவருக்கு.

"சனிக்கிழமை நான் இதை உன் கைக்குக் கொடுத்திருக்கேன். உனக்குக் கொடுக்கல போலிருக்கு" என்றார். "தப்பு என்னோடதும்தான். உன் கண்ணைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். அழறியேன்னு சந்தோஷத்துல பார்க்காம விட்டுட்டேன். இப்ப தலை வலிக்குதா?"

"வலிக்குது."

"நான் யாரு?"

"அப்பிசாய் மாமா."

"பாயில உன் பக்கத்துல யாரு?"

"கிட்டியோனி. கிழங்குத் திருடன்."

"வெளியில என்ன கத்தறாங்க?"

எப்பரமா காதுகொடுத்துக் கேட்டான். அன்று முழுக்க முதல் தடவையாக அவன் காதில் எல்லாச் சத்தமும் தெளிவாக விழுந்தது. "என்னைக் கேப்டன்னு கத்தறாங்க, மாமா."

"சரி. தெரிஞ்சுதான் இருக்கு. அப்ப முதல் வார்த்தையிலேருந்து திரும்பச் சொல்றேன். இந்தத் தடவை கேட்டுட்டு வாங்கு. மனசு வரல்லேன்னா வாங்காதே. நான் எழுந்து போயிடுவேன், கோவிச்சுக்க மாட்டேன்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்னோர் பெயரில் தொடங்கி, தங்கை பெயர் சொல்லி, தலையின் பெயரால் கேட்டார். சனிக்கிழமை சொன்னதில் ஒரு வார்த்தை விடவில்லை என்று கிட்டியோனி பின்னால் சொன்னான். வெளியே பாட்டு உச்சத்துக்குப் போனது. மாமா குரலை உயர்த்தவில்லை. சொல்லி முடித்துப் பல்லை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்.

எப்பரமாவின் கைகள் மடியில் கிடந்தன. பந்து எந்தப் பக்கமிருந்து எந்த வேகத்தில் வந்தாலும் அவனைக் கேட்காமல் தாமாகவே உயர்ந்துவிடும் கைகள் அவை. சனிக்கிழமை இரவும் அப்படித்தான் உயர்ந்திருக்கும்.

இன்று அவை உயரவில்லை. அவன் சொல்லட்டும் என்று காத்துக் கிடந்தன.